பகிடி எப்போது பாவமாகிறது?



மரணச் செய்திகளை நாம் எல்லோரும் வாசிக்கிறோம். அவற்றில் வரும் மனிதர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலவே இருப்பார்கள். அமைதியானவர், பண்பாளர், எவர் மனமும் நோக நடவாதவர். அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சிரித்தாரா, பிறரைச் சிரிக்க வைத்தாரா என்ற செய்தி மட்டும் அங்கே இராது.

2018ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசோன் என்னும் நகரிலே, 94 வயதில் ஒருவர் கண்மூடினார். அவரைப்பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிய மரணச் செய்திகள் வேறு வகையானவை. அவர் செய்த காரியங்களைச் சொல்லத் தொடங்கினால் சிரிக்காமற் சொல்லி முடிக்க இயலாது. எழுதியவர்களாலும் இயலவில்லை.

அவர் பெயர் டிக் டக். தொழில், அரசியல் ஆலோசகர். எங்கள் ஊர்களிலே தேர்தல் காலத்தில் அபேட்சகரின் வீட்டு விறாந்தையில் விடிய விடிய இருந்து, எந்தச் சந்தியிலே கூட்டம் வைப்பது, யாரை முதலிற் பேச விடுவது, எந்த வீட்டுக்கு யார் போனால் வாக்கு விழும் என்று கணக்குப் போடுகிற ஒருவர் இருப்பார் அல்லவா? அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு, பெயரும் உண்டு. டிக் டக் 1924இல் அரிசோனாவின் சுரங்க ஊர் ஒன்றிலே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலே வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவிற் பணிபுரிந்தவர். போர் முடிந்ததும் கலிபோர்ணியாவில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேதான் கதை தொடங்குகிறது.

1950ஆம் ஆண்டு. கலிபோர்ணியாவிலிருந்து செனற் சபைக்கு ஒருவரைத் தெரியும் தேர்தல். குடியரசுக் கட்சியின் அபேட்சகர் றிச்சர்ட் நிக்ஸன். ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் ஹெலன் ககேகன் டக்ளஸ் என்ற பெண்மணி. டிக் டக் அந்தப் பெண்மணியின் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு இந்தச் சங்கதி தெரியாது. 'நிக்ஸன் இங்கே பேச வருகிறார், கூட்டத்தை நீ ஒழுங்கு செய்' என்று டக்கிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். ஆட்டுக்கொட்டிலின் திறப்பை ஓநாயிடம் கொடுத்த கதைதான்.

டக் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இருக்கக்கூடிய பெரிய மண்டபமாகப் பார்த்து எடுத்தார். விளம்பரம் செய்வதில் மட்டும் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. நிக்ஸன் வந்தபோது மண்டபத்தில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். பிறகு டக் மேடையேறி, பேச்சாளரை அறிமுகம் செய்யத் தொடங்கினார். தொடங்கினாரே தவிர முடிக்கவில்லை. நீண்டு, வளைந்து, இழுபட்ட ஓர் அறிமுகம். கடைசியில், 'இனித் திரு. நிக்ஸன் அவர்கள் சர்வதேச நாணய நிதியத்தைப்பற்றிப் பேசுவார்' என்று சொல்லி இறங்கிவிட்டார். வெற்று ஆசனங்களைப் பார்த்தபடி, ஆயத்தம் செய்யாத பொருளைப்பற்றி நிக்ஸன் பேச வேண்டியதாயிற்று. கூட்டம் முடிந்ததும் அவர் டக்கை அழைத்துப் பெயரைக் கேட்டாராம். 'இதுவே நீ ஒழுங்கு செய்த கடைசிக் கூட்டம்' என்றாராம். இவை டக் பின்னாளிற் சொன்னவை. அந்தத் தீர்க்கதரிசனம் பலிக்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளுக்கு மேலாக, நிக்ஸன் போன இடங்களிலெல்லாம் டக்கும் நிழலாகத் தொடர்ந்தார்.

இதை வாசிக்கும்போது நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு ஒரு முள் குத்தியது. நம்பிக் கொடுத்த பொறுப்பைக் கெடுத்துவிட்ட ஒருவனைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம்? அந்த மண்டபத்திலே அவமானப்பட்டவர் நமக்குப் பிடித்த ஒருவராக இருந்திருந்தால் சிரித்திருப்போமா? நாம் விரும்பாதவனை முட்டாளாக்கும்போது வரும் சிரிப்பு நல்ல சிரிப்புத்தானா? இந்த மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க நான் விரும்பியது இந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் அதே தேர்தலின் மறு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். நிக்ஸனின் பிரசாரக் குழு இளஞ்சிவப்புக் காகிதத்திலே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டது. காங்கிரஸ் சபையிலே திருமதி டக்ளஸ் அளித்த வாக்குகளையும், இடதுசாரி எனப் பெயரெடுத்த நியூயோர்க் உறுப்பினர் ஒருவரின் வாக்குகளையும் அருகருகே வைத்து, இருவரும் ஒன்றே என்று காட்டுவது அதன் நோக்கம். கம்யூனிஸப் பயம் அமெரிக்காவை ஆட்டிவைத்த காலம் அது. 'இளஞ்சிவப்புச் சீமாட்டி' என்ற பழிப்பெயர் அந்தப் பெண்மணிக்கு ஒட்டிக்கொண்டது. தேர்தலில் நிக்ஸன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். வெற்று மண்டபத்துப் பகிடியால் நிக்ஸனுக்கு ஓர் இரவுதான் கெட்டது. இளஞ்சிவப்புக் காகிதத்தின் பின் திருமதி டக்ளஸ் எந்தப் பதவிக்கும் தெரியப்படவில்லை.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஒரு வேறுபாடு இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்பதே சிரமம். அதற்கு முன் டக்கின் மற்றக் காரியங்கள் சிலவற்றையும் கேளுங்கள்.

1960இல் நிக்ஸனும் ஜோன் கென்னடியும் ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டார்கள். செப்டெம்பர் 26ஆந் திகதி தொலைக்காட்சியில் நடந்த முதலாவது விவாதத்தில் நிக்ஸன் வெளிறிக் களைத்துக் காணப்பட்டார். மறுநாள் அவர் மெம்பிஸ் நகரில் வந்திறங்கியபோது, நிக்ஸன் சின்னத்தைக் குத்திக்கொண்டிருந்த ஒரு வயோதிப மாது ஓடிவந்து அவரைக் கட்டியணைத்தார். நிருபர்கள் கேட்கத்தக்கதாக, 'கவலைப்படாதே ராசா, நேற்று அவன் உன்னை வென்றுவிட்டான், அடுத்த முறை நீ பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆச்சியை அனுப்பியவர் டிக் டக்.

1962இல் நிக்ஸன் கலிபோர்ணியாவின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சீனர்கள் வாழும் பகுதிக்குப் போனார். பிள்ளைகள் வரவேற்புப் பதாகைகளோடு நின்றார்கள். ஆங்கிலத்தில் வரவேற்பு, அதன் கீழே சீன எழுத்துக்கள். நிக்ஸன் பிள்ளைகளோடு நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் சீனம் தெரிந்த ஒருவர், 'ஹியூஸ் கடன் என்னவாயிற்று?' என்று அந்த எழுத்துக்கள் கேட்பதைச் சொன்னார். நிக்ஸன் ஒரு பதாகையை வாங்கிக் கமராக்களின் முன்னாலேயே கிழித்தார்.

இதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தக் கடன் கற்பனை அன்று. நிக்ஸன் உப ஜனாதிபதியாக இருந்தபோது, 1956இல், ஹவார்ட் ஹியூஸ் என்ற பெருங் கோடீஸ்வரர் நிக்ஸனின் சகோதரருக்கு 205,000 டொலர் கடன் கொடுத்திருந்தார். அரசாங்கத்தோடு பெருந்தொகையான கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர் ஹியூஸ். அந்தக் கடனைப்பற்றிக் கேட்க வாக்காளருக்கு முழு உரிமை இருந்தது. நேரே கேட்டால் மழுப்பலான பதில்தான் வந்தது. ஆகவே கேள்வி வேறு வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. டக்கின் காரியங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதாகையில் இருந்தது பொய்யில்லை. கிழித்தவர்தான் அதைப் பெரிதாக்கினார்.

புகைவண்டிக் கதை ஒன்றும் உண்டு. வண்டியின் பின்மேடையில் நின்று நிக்ஸன் பேசிக்கொண்டிருந்தபோது, டக் காவலர் தொப்பியோடு கையசைத்து வண்டியை அனுப்பிவிட்டார் என்பது அது. அவர் பெயரோடு அதிகம் சொல்லப்படுவது இந்தக் கதைதான். ஆனால் அது அப்படி நடந்ததா என்பதிலே பெரிய பிணக்கு இருக்கிறது. பகிடிக்காரனுக்கு ஒரு பேர் வந்துவிட்டால் செய்யாததும் அவன் கணக்கிலே ஏறிவிடும். கதை நன்றாக இருந்தால் நாமும் சாட்சி கேட்பதில்லை. இதுவும் சிரிப்பின் ஓர் ஆபத்து.

மற்றவர்களைப் பார்த்து மட்டும் சிரித்தவர் என்றால் டக்கைப்பற்றி நான் எழுதியிருக்க மாட்டேன். 1966இல் அவரே கலிபோர்ணியா மாநிலச் செனற் சபைக்குப் போட்டியிட்டார். பிரசாரத்தை ஒரு சேமக்காலையிலே தொடக்கிவைத்தார். செத்துப்போனார்கள் என்பதற்காக மக்களின் வாக்குரிமையைப் பறிக்கலாமா என்று கேட்டார். இறந்தவர்களின் பெயரில் வாக்குப் போடும் வழக்கம் எந்த நாட்டவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லையே! 'இந்த வேலைக்கு டக் தேவை, டக்குக்கும் ஒரு வேலை தேவை' என்பது அவருடைய சுலோகம். தோற்றுப்போனார். அப்போது அவர் சொன்ன வசனம் அமெரிக்க அரசியலிலே நிலைத்துவிட்டது. 'மக்கள் பேசிவிட்டார்கள், பாவிகள்!' என்றார். அவர் உபயோகித்த சொல் இதைவிடக் காரமானது. குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகையிலே இவ்வளவுதான் எழுதலாம்.

1968இல் ரொபேட் கென்னடி ஜனாதிபதி நியமனத்துக்காகப் போட்டியிட்டபோது டக் அவரோடு வேலை செய்தார். கென்னடி தம்முடைய நாயையும் பிரயாணத்தில் கொண்டு திரிந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டக்கின் தலையில் விழுந்தது. நாயை உலாத்தக் கொண்டு போகிறாயா என்று கேலி செய்தவர்களிடம், 'உங்களுக்கு இது நாய், எனக்கு இது ஒரு தூதுவர் பதவி' என்றார். தலைவரின் நாயைக் கவனித்தவர்கள் எத்தனை நாட்டிலே எத்தனை பதவிக்கு உயர்ந்திருக்கிறார்கள்! அந்த ஆண்டு யூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். தூதுவர் பதவியும் அதோடு போயிற்று.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

'பொய்யைப்பற்றி' என்ற நூலைப் புனித அகுஸ்தினார் நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதினார். பொய் விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர் அவர். ஓர் உயிரைக் காப்பாற்றவும் பொய் சொல்லக்கூடாது என்பவர். அப்படிப்பட்டவரே அந்த நூலின் தொடக்கத்தில் பகிடியை வேறாக எடுத்து வைத்துவிடுகிறார். பகிடியைப் பொய் என்று எவரும் கொள்வதில்லை, ஏனென்றால் சொல்பவனின் குரலும் மனநிலையுமே அவன் ஏமாற்ற எண்ணவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. புனித தோமஸ் அக்குவினாஸ் பொய்யை மூன்றாகப் பிரித்தார். பிறருக்குத் தீங்கு செய்யும் பொய், உதவிக்குச் சொல்லும் பொய், விளையாட்டுக்குச் சொல்லும் பொய். மூன்றுமே குற்றம் என்றாலும் கடைசி இரண்டும் இலகுவானவை. ஞானோபதேச வகுப்பிலே இதைப் படித்த சிறுவர்கள் நாங்கள், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு நிற்கும்போது எல்லாப் பொய்யையும் மூன்றாவது பெட்டிக்குள் தள்ளிவிடப் பார்ப்போம்.

சிரிப்பு ஒரு புண்ணியமாக இருக்கலாம் என்று முதலில் ஒழுங்காக எழுதியவர் கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில். எதற்கெடுத்தாலும் சிரிப்புக் காட்டி, பிறர் நோவதையும் பாராதவன் கோமாளி. தானும் பகிடி சொல்லாமல், சொல்பவன்மீதும் கோபிப்பவன் கரடுமுரடானவன். இரண்டுக்கும் நடுவிலே நிற்பவனுக்கு அவர் கொடுத்த பெயரின் பொருள் 'இலகுவாகத் திரும்பக்கூடியவன்' என்பது. வேடிக்கை என்னவென்றால், எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் புனித சின்னப்பர் கிறிஸ்தவர்களிடையே இருக்கத் தகாது என்று கண்டிக்கும் பேச்சுக்களுள் அதே கிரேக்கச் சொல்லும் இருக்கிறது. ஒருவர் புண்ணியம் என்றதை மற்றவர் தகாதது என்கிறார். சொல் ஒன்று. திரும்புகிற திசைதான் வேறு. தோமஸ் அக்குவினாஸ் அரிஸ்டோட்டிலின் பக்கம் நின்று, சிரிப்பே இல்லாதவனாகப் பிறருக்குச் சுமையாயிருப்பதும் ஒரு குற்றம் என்றே எழுதினார். நம்மவர் வள்ளுவரோ விளையாட்டுக்கென்றாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று எச்சரித்தார். நான்கு பேரும் ஒன்றையே கவனிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சிரிப்பு எதை நோக்கிப் போகிறது என்பதே அது.

அகுஸ்தினார் சொன்ன அடையாளத்தை வைத்து டக்கை அளந்து பாருங்கள். அவருடைய பகிடிகள் ஒரு நிமிடம் ஏமாற்றின. பிறகு வெளிப்பட்டன. வெளிப்படவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டன. சீன எழுத்தை ஒருவரும் வாசித்திராவிட்டால் அந்தப் பகிடியே இல்லை. பகிடி என்பது கண்டுபிடிக்கப்படும்போதுதான் முழுமை பெறுகிறது. மோசடியோ கண்டுபிடிக்கப்படும்போது செத்துப்போகிறது. 'செய்தவன் நான்தான்' என்று டக் மறைக்காமல் நின்றார். மொட்டைக் கடிதம் எழுதுபவன் அப்படி நிற்பானா?

மொட்டைக் கடிதம் என்ற சொல்லைக் காரணத்தோடுதான் எழுதினேன். 1972ஆம் ஆண்டுக்கு வாருங்கள். நிக்ஸன் ஜனாதிபதி. மறுபடியும் தேர்தல். அவரை எதிர்க்கக்கூடிய வலுவான ஜனநாயகக் கட்சிக்காரராகக் கருதப்பட்டவர் எட்மண்ட் மஸ்கி என்ற செனற்றர், ஒரு போலந்துத் தையற்காரரின் மகன், கத்தோலிக்கர். பெப்ரவரி மாதத்தில் நியூஹாம்ஷயர் மாநிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் வெளிவந்தது. பிரெஞ்சுக் கனடிய வம்சத்தவரை இழித்துக் கூறிய ஒரு சொல்லைக் கேட்டு மஸ்கி சிரித்தார் என்பது அதன் சாரம். சிரித்தார் என்பதுதான் குற்றச்சாட்டு! அந்த வம்சத்தவர் அங்கே பெருந்தொகையினர். அதே பத்திரிகை மஸ்கியின் மனைவியைப்பற்றியும் இழிவாக எழுதியது. அவர் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு முன்னால், கொட்டும் பனியிலே நின்று மனைவிக்காகப் பேசும்போது குரல் தடுமாறினார். அழுதார் என்றார்கள். முகத்திலே உருகியது பனி என்றார் அவர். எப்படியானாலும் அவருடைய வாய்ப்பு அன்றோடு சரியத் தொடங்கியது. அந்தக் கடிதம் போலியானது என்று பின்னர் தெரியவந்தது. அதை எழுதியது நான்தான் என்று எவரும் பகிரங்கமாக எழுந்து நிற்கவில்லை.

அடுத்த மாதம் புளோரிடாவில் மஸ்கியின் கடிதத் தலைப்போடு இன்னொரு கடிதம் பரவியது. அவருடைய கட்சியைச் சேர்ந்த ஹம்ப்ரி, ஜக்ஸன் என்ற இருவர்மீதும் ஒழுக்கக்கேடான நடத்தைகளைச் சுமத்தியது அது. ஒரே கல்லில் மூன்று பேர். இதைச் செய்வித்தவர் டொனால்ட் செக்ரெட்டி என்ற இளம் சட்டத்தரணி. நிக்ஸனின் வெள்ளை மாளிகை ஊழியர்கள் அவரைச் சேர்த்தார்கள், நிக்ஸனின் சொந்தச் சட்டத்தரணி பணம் கொடுத்தார். டிக் டக்குக்குப் பதிலாக எங்களுக்கும் ஒரு டிக் டக் வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். மஸ்கியின் நிதி சேர்ப்பு விருந்து ஒன்றுக்கு ஒருவரும் கேளாத உணவும் பூவும் மதுவும் குவிந்தன. செலவு மஸ்கியின் தலையில். அதுவரையில் பகிடி என்றே சொல்லலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். காசு கிடைக்காத கடைக்காரரைக் கேட்டால் வேறுவிதமாகச் சொல்வார். செக்ரெட்டி 1973இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாலரை மாதம் சிறையிலிருந்தார்.

அந்த ஆண்டிலேதான் வாட்டர்கேட் விசாரணை நடந்தது. நிக்ஸனின் பிரதம உதவியாளராக இருந்து பதவி விலகியிருந்த ஹோல்டமன், வாஷிங்டனிலே காங்கிரஸ் கட்டடத்தில் டிக் டக்கைக் கண்டார். 'இதையெல்லாம் தொடக்கிவைத்தவன் நீதான்' என்றார். 'ஓம், ஆனால் அதைக் குட்டிச்சுவராக்கியவர்கள் நீங்கள்' என்றார் டக்.

நல்ல பதில். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் வாசகர்களே, ஹோல்டமனின் குற்றச்சாட்டை ஒரு பகிடியோடு தள்ளிவிடலாமா? 1950இல் இளஞ்சிவப்புக் காகிதம் அச்சிட்டவர்களுக்கு அவதூறை டக் படிப்பிக்கவில்லை என்பது உண்மை. அதை அவர்கள் முன்னரே கற்றிருந்தார்கள். ஆனால் டக் அவர்களுக்கு ஒரு சாட்டுக் கொடுத்தார். 'அவர்களும் செய்தார்கள்' என்ற சாட்டு. மனிதன் பெரிய பாவத்தைச் செய்யும்போது அதற்குச் சின்னப் பெயர் ஒன்றைத் தேடுகிறான். போலிக் கடிதத்துக்குப் 'பகிடி' என்ற பெயர் வைக்க முடிந்ததற்கு உண்மையான பகிடிகள் முன்னால் இருந்ததும் ஒரு காரணம். டக்கின் பங்கு அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு உண்டு என்று நினைக்கிறேன்.

அவருடைய எல்லாக் காரியங்களையும் என்னால் ஏற்கவும் முடியவில்லை. 1964இல் எதிர்க்கட்சி அபேட்சகர் கோல்ட்வாட்டரின் பிரசாரப் புகைவண்டியில் ஓர் இளம் பெண்ணை நிருபர் வேஷத்தில் ஏற்றிவிட்டார். அவள் அதிகாலையிலே கேலிச் செய்தித்தாள்களைப் பெட்டிகளுக்குள் இட்டாள், பிடிபட்டு வழியிலே இறக்கப்பட்டாள். செய்தித்தாளில் விஷமில்லை. ஆனால் பிறர் வீட்டுக்குள் ஆளை வைக்கும் பழக்கம் நல்லதில்லை. இன்னொன்று, 1968இல் குடியரசுக் கட்சி மாநாட்டிலே நடந்தது. அந்தக் கட்சியின் சுலோகம் 'நிக்ஸன்தான் ஆள்' என்பது. கர்ப்பிணியான ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, அந்தச் சுலோகத்தைத் தாங்கி நடக்கவிட்டார் என்கிறார்கள். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அங்கே குறிவைக்கப்பட்டவர் நிக்ஸன். பார்வையெல்லாம் விழுந்ததோ அந்தப் பெண்ணின் வயிற்றில். நம் வீட்டுப் பெண் ஒருத்தியை அப்படி நடக்கவிடுவோமா? பெரிய மனிதனைச் சிறியவனாகக் காட்டும் பகிடி வேறு, அதற்கு ஓர் எளியவளைக் கருவியாக்குவது வேறு.

எங்கள் இலங்கைத் தமிழிலே 'பகிடிவதை' என்ற ஒரு சொல் இருக்கிறது. பகிடியும் வதையும் ஒன்றாகக் கட்டுண்ட சொல். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைக்கு அந்தப் பெயர். அதைத் தடைசெய்ய 1998இல் 20ஆம் இலக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. செய்பவர்களைக் கேளுங்கள், 'சும்மா பகிடிக்கு' என்பார்கள். அங்கே சிரிப்பவன் மூத்தவன், பலமுள்ளவன், கூட்டமாக நிற்பவன். அழுபவன் தனியாக நிற்பவன். டக்கின் நல்ல பகிடிகளிலே இது தலைகீழாக இருக்கிறது. ஒருபுறம் உப ஜனாதிபதி, பணம், விமானம், மெய்க்காவலர். மறுபுறம் ஒரு ஆச்சியும் நாலு பதாகைகளும். மெம்பிஸில் நிக்ஸனின் முகம் அசடு வழிந்தது. வேலை போகவில்லை, மனைவி அழவில்லை, பெயர் அழியவில்லை. மறுநாள் அவர் தேர்தலைத் தொடர்ந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் கையிலே இப்போது ஒரு தொலைபேசி இருக்கிறது. அதிலே எவர் முகத்தையும் எவர் உடலிலும் ஒட்டலாம், எவர் குரலிலும் எதையும் பேசவைக்கலாம். ஒரு ஆசிரியரின் படம், ஒரு வகுப்புத் தோழியின் படம். 'சும்மா பகிடிக்குத்தான் அனுப்பினேன்' என்று பிள்ளை சொல்லும்போது நாம் பெரும்பாலும் கேட்பது, 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்பதை. நான் வேறு இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். உன் பெயரை அதன் கீழே எழுதுவாயா? அவளுக்கு முன்னாலே அதை எடுத்துக் காட்டுவாயா? பிள்ளை தலையைக் குனிந்தால் பதில் கிடைத்துவிட்டது. இந்தக் கேள்விகளைத் தேர்தல் காலத்தில் எங்களிடமும் கேட்கலாம். வேண்டாத அபேட்சகரைப்பற்றி ஒரு கதை வந்தால், நன்றாயிருக்கிறதே என்று அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற நாங்கள் அதன் உண்மையைத் தேடுவதில்லை. எங்களைச் சிரிக்க வைத்ததே அதற்குப் போதுமான சாட்சி என்று எண்ணிவிடுகிறோம்.

நிக்ஸன் 1974 ஓகஸ்ட் 9ஆந் திகதி பதவி துறந்தார். அவருடைய அலுவலகத்தில் இரகசியமாகப் பதிவான ஒலிநாடாக்கள் பின்னர் வெளிவந்தன. கோபமும் வஞ்சமும் நிறைந்த பேச்சுக்கள் அவற்றிலே ஏராளம். டிக் டக்கின் பெயரும் வருகிறது, சில இடங்களில் ஆத்திரத்தோடு. ஆனால் 1973 மார்ச் 13ஆந் திகதிப் பதிவு ஒன்று இருக்கிறது. செக்ரெட்டி செய்தவற்றைப்பற்றிப் பேச்சு வருகிறது. தம்முடைய ஆட்கள் சம்பளம் கொடுத்து வைத்த அந்த இளைஞனின் வேலையையும் டக்கின் வேலையையும் ஜனாதிபதி ஒப்பிடுகிறார். பார்க்கப் போனால் டிக் டக் எவ்வளவு கைதேர்ந்தவன் என்பது இதில் தெரிகிறது என்கிறார். வெற்று மண்டபத்தில் நாற்பது பேருக்கு முன்னால் சர்வதேச நாணய நிதியத்தைப்பற்றிப் பேசியதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.